பவுடர் போட்ட புண்

முட்டம்
14.6.2005

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தோழி பிந்துவுக்கு, கிளாரா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். குவைத் போன பிறகு ஒரே ஒரு கடிதம்தான் போட்டிருக்கிறாய். அதிலும் பாதி வெயிலைப் பற்றி. வெயில் இங்கேயும் அடிக்கிறது ஏட்டி.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. முட்டம் வருகிற சாலையில் ஞானையன் என்று ஒருவர் முதியோர் இல்லம் நடத்துகிறார். முன்பு ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். நாகர்கோவிலில் நாம் சேர்ந்து படித்த நர்சிங் உதவியாளர் சான்றிதழைக் காட்டினேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கே வந்திரு பிள்ளே" என்றார். சுனாமிக்குப் பிறகு நாங்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் கிடக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். பகல் முழுக்க அந்தத் தகரத்தின் கீழ் வேகாமல் இருந்தால் போதும் என்று ஓடினேன்.

ஓடிப் போய் விழுந்த இடத்தைக் கேள். வாசலில் பினாயில் நெடி. அதைத் தாண்டினால் உள்ளே இருப்பது வேறு. எனக்குப் பீயும் மூத்திரமும் சளியும் அருவருப்பில்லை. மீன்குடல் அள்ளி வளர்ந்த கை இது. எனக்குக் குமட்டியது வேறு விஷயங்கள். காலையில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து ஒரே வாளி வெள்ளத்தில் குளிப்பாட்டுகிறார்கள். திரை கிடையாது. ஒரே துவர்த்தால் துவட்டல். ஒருவரின் கீழே துடைத்த அதே துவர்த்து அடுத்தவர் முகத்துக்கு வருகிறது. படுக்கையில் மல்லாக்கக் கிடப்பவர் வாயில் கஞ்சியை ஊற்றுகிறார்கள். இருமினால் திட்டு.

தங்கையன் வாத்தியார் என்று ஒருவர் இருக்கிறார். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் கை இரண்டையும் பழைய சேலைக் கிழிசலால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தது. "மோளே, கொஞ்சம் அவுத்துவிடு, மூக்கு சொறியணும்" என்றார். அவிழ்த்துவிட்டேன். இன்சார்ஜ் சண்முகவடிவு அக்கா வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாடமெல்லாம் பரீட்சைப் பேப்பரோட போச்சு பிள்ளே. இங்க வேல நடக்கணும், கேட்டியா?" என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் கட்டினாள். முடிச்சுப் போடுகிற வேகத்தைப் பார்க்கணும் நீ. ஆட்டைக் கட்டுகிறவன்கூட அப்படிக் கட்டமாட்டான்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது? உடனே பதில் போடு.

உன் அன்பு மறவாத
கிளாரா


குவைத்
2.8.2005

அய்யா துணை.

என் பிரியமுள்ள கிளாராவுக்கு, பிந்து எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. போன் கார்டு வாங்கிப் பேசலாம் என்றால் உங்கள் கொட்டகையில் போன் ஏது? அதனால் எழுத்துதான் நமக்கு.

இங்கே எங்கள் இல்லம் பளபளவென்று இருக்கும். ஆளைத் தூக்க மெஷின் உண்டு. ஆனால் நாற்றம் இல்லாத அசிங்கமும் உண்டு கிளாரா. ஒரு அம்மாளின் மகன் பெருநாளுக்கு மட்டும் வருவான். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்து, அம்மா தோளில் கை போட்டு போட்டோ எடுப்பான். அவன் போன பிறகு அந்த அம்மாள் என் முகத்தில் துப்புவாள். மகனுக்குச் சேர வேண்டியது என்று துடைத்துக்கொள்வேன்.

நீ மனசு விடாதே. மற்றவர்கள் எப்படியும் செய்யட்டும், உன் கை படுகிற கட்டிலையாவது ஒழுங்காக வைத்துக்கொள். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடு. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டு, ஊட்டி முடித்ததும் உடனே சாய்க்காதே. அசையாமல் கிடப்பவரைப் புரட்டிப் போடும்போது முதுகின் அடியையும் குதிகாலையும் பார். சிவப்பு தெரிந்து, அமுக்கினாலும் அது மாறாமல் நின்றால் அன்றைக்கே சொல். நாளைக்குப் பார்க்கலாம் என்பவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. உனக்குத் தெரியாததா, என் ஆற்றாமைக்கு எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு சங்கடம். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. வடசேரி சந்தையில் வாழைக்குலைக் கடையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. இப்போது விடிந்ததும் "கடை தொறக்கணும்" என்று இறங்கிப் போய்விடுகிறாராம். வேட்டியிலேயே மூத்திரம் போய்விடுவதால் அண்ணி மூக்கைப் பிடிக்கிறாளாம். சிவபிரசாத் அண்ணன் போனில் சொல்கிறான், "நாத்தம் தாங்கல பிந்து" என்று. பெற்ற அப்பாவைப் பற்றி அவன் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

என்றும் உன்
பிந்து


முட்டம்
20.2.2006

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு பிந்து,

முதலில் சந்தோஷ சமாச்சாரம். சண்முகவடிவு அக்கா ஞானையன் சாரோடு சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டாள். என்னை இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார். வளாகத்திலேயே எனக்கு ஒரு அறை. ஓட்டுக்கூரை, தனிக் கக்கூஸ். கொட்டகையிலிருந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று கதவை மூடி மூடித் திறந்து பார்த்தேன். கதவு என்ற ஒன்று வாழ்க்கையில் எவ்வளவு பெரிது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

வந்ததும் சேலைக் கிழிசல்களை எல்லாம் அள்ளித் தீ வைத்தேன். ஆளுக்கு ஒரு துவர்த்து. குளிக்கிற இடத்தில் திரை. கிடப்பவர்களை முறை வைத்துப் புரட்டுகிறோம். தங்கையன் வாத்தியார் இப்போது தானே மூக்கைச் சொறிந்துகொள்கிறார்.

அடுத்த சமாச்சாரத்தை எப்படி எழுத? போன வாரம் வாசலில் ஒரு கார் நின்றது. உன் அண்ணன் இறங்கினார். கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தியிருந்தார். பின்சீட்டில் பிளாஸ்டிக் சாக்கு விரித்து, அதன்மேல் உன் அப்பா. நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். "குல எறக்கியாச்சா?" என்று கேட்டார். "எறக்கியாச்சு மாமா, நல்ல ஏத்தன் குல" என்றேன். சிரித்தார். உன் அண்ணன் உள்ளேகூட வரவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, "நீங்க பிந்துவுக்க ஃபிரெண்டுதானே, ஒரு கொறையும் வராதுல்லியா?" என்றார். கேட்டுவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றுகிற அவசரம். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், இவரைப் பார்த்தபோதுதான் வாய் கசந்தது. உன் அண்ணன் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

நீ கவலைப்படாதே. மாமா என் பொறுப்பு.

கிளாரா


குவைத்
25.3.2006

அய்யா துணை.

என் உயிர்த் தோழி கிளாராவுக்கு,

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டுவிட்ட பிறகுதான் போன் செய்தான். அவன் குரலைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. கூட நீ இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டேன். வேறு எந்த இடமாக இருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அப்பாவுக்குத் தலையில் சட்டென்று வெள்ளம் ஊற்றினால் பயம். முதலில் கால், பிறகு கை என்று பைய நனைத்துவிட்டு வந்தால் சம்மதிப்பார். மட்டிப்பழம் பிரியம். மசித்துக் கொடு. யாரையாவது பெயர் மாற்றிக் கூப்பிட்டால் திருத்தாதே, அந்தப் பெயருக்கே பதில் சொல். கோபம் வந்து கையை ஓங்கினால் விலகி நின்று கொஞ்ச நேரம் கழித்துப் போ. அடிப்பவர் அவர் இல்லை, அந்த வியாதி.

இவ்வளவையும் உனக்கு எழுதுவதே அதிகப்படி. நீ இருக்கிறாய், எனக்கு அது போதும்.

பிந்து


முட்டம்
10.10.2006

அன்பு பிந்து,

உன் கடிதங்களுக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை செய்த பெண்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். ஒருத்தி களியக்காவிளையில் துணிக்கடைக்கு, மற்றவள் கல்யாணம் ஆகிக் கேரளத்துக்கு. ஞானையன் சார் ஆள் போடவில்லை, கட்டில் போடுகிறார். வராந்தாவிலும் இப்போது கட்டில். கேட்டால், "நாலு பேருக்கு வைக்கிற கஞ்சிய எட்டுப் பேருக்கு வச்சாப் போச்சு" என்கிறார். மனுஷரைக் கஞ்சியாக நினைக்கிற ஆள்.

மாமா நல்ல குஷி. வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் வாழைக்குலை விலை பேசுகிறார். வாத்தியார் விலையைக் குறைத்துக் கேட்டார் என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. நான் போய் முழுச் சரக்கையும் வாங்கிக்கொண்டேன். பிறகுதான் வாய் திறந்தார்.

ஆனால் நடை அதிகம். சந்தைக்குப் போகணும் என்று கேட்டைத் தாண்டிவிட்டார். முட்டம் லைட் ஹவுஸ் பக்கம் பாறையில் நிற்பதை மீன்காரர்கள் பார்த்துக் கூட்டி வந்தார்கள். ஞானையன் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பேசிய பேச்சு! இன்னொரு தடவை இப்படி நடந்தால் அறையைக் காலி பண்ணு என்கிறார். மாமாமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று முழுக்கக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாரா


முட்டம்
15.4.2007

அன்பு பிந்து,

மாமா சுகம். ஒன்றுக்கும் கவலைப்படாதே. தை மாதத்தில் ஒருநாள் கீழே விழுந்து நெற்றியில் தையல் போட்டது. இப்போது ஆறிவிட்டது. அதற்குப் பிறகு நடையெல்லாம் இல்லை. ஒரே இடத்தில் சமாதானமாக இருக்கிறார். பகலிலும் நல்ல தூக்கம். வியாபாரப் பேச்சும் இல்லை. கொஞ்சம் மெலிந்திருக்கிறார், வயசாகிறது அல்லவா?

ஆபீஸ் போனுக்கு அடிக்கடி கூப்பிடாதே, சார் முகம் சுளிக்கிறார். நானே எழுதுகிறேன்.

கிளாரா


குவைத்
6.5.2007

கிளாராவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத என் அப்பா எப்படிப் பகலெல்லாம் தூங்குகிறார்? என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? எந்த டாக்டர் பார்த்து எழுதினார்? நடந்து திரிந்தவர் கிடையில் விழுந்தால் யார் புரட்டுகிறார்கள்? முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? நீ பார்த்தாயா, வேறு யாராவது பார்த்துச் சொன்னார்களா? விழுந்தபோது தையல் போடுகிற அளவுக்குக் காயம், அதை எனக்கு மாதங்கள் கழித்து ஒரு வரியில் எழுதுகிறாய்.

நீ எழுதியது ஒரு தோழியின் கடிதம் மாதிரி இல்லை. வாசலில் நின்று, உள்ளே வராதீர்கள் என்று சொல்லும் இன்சார்ஜ் பேச்சு மாதிரி இருக்கிறது. நான் தவறாக நினைத்திருந்தால் ஒரு திட்டுத் திட்டி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

பிந்து


முட்டம்
1.6.2007

பிந்து,

திட்டச் சொன்னாய், எழுதுகிறேன். நீ ஏசி அறையில் மெஷின் வைத்து ஆளைத் தூக்குகிறாய். இங்கே நானும் பிரிஜா என்ற சின்னப் பெண்ணும் முதுகு ஒடியத் தூக்குகிறோம். உன் அண்ணன் ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை. அவரிடம் கேட்காத கேள்வியெல்லாம் என்னிடம் கேட்கிறாய். நான் என்ன குற்றவாளியா?

நம்பிக்கை இல்லை என்றால் வந்து பார்.

கிளாரா


நாகர்கோவில்
9.8.2007

கிளாராவுக்கு,

வந்து பார் என்று எழுதினாய். வந்தேன், பார்த்தேன். அன்று உன்னிடம் என்னால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சொல்லாமல் வந்தேன் என்று உனக்கு வருத்தம். சொல்லிவிட்டு வந்திருந்தால் என்ன பார்த்திருப்பேன் என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். விமானம் இறங்கி, பையை வடசேரியில் அப்பாவுக்குச் சந்தையில் பழக்கமான முத்துக்கனி அக்கா வீட்டில் வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். நீ அப்போது ஞானையனோடு ஆபீசில் இருந்தாய். நான் நேராக உள்ளே போனேன்.

அப்பாவை நான் தாண்டிப் போய்விட்டேன் கிளாரா. அடையாளம் தெரியவில்லை. திரும்பி வந்து நெற்றித் தழும்பைப் பார்த்துத்தான் நின்றேன். மல்லாந்து கிடந்தார். பிரிஜா அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்குமாம். கஞ்சியில் வெள்ளையாகப் பொடி மிதந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. "இது என்ன?" என்றேன். "ஒறக்க மாத்திர. கிளாரா அக்கா சொன்னாவ, எல்லாருக்கும் உண்டு" என்றாள். அவளுக்கு நான் யார் என்று தெரியாது. பயப்படாமல் சொன்னாள். அதில் தப்பு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

போர்வையை விலக்கினேன். கை இரண்டும் கட்டியிருந்தது. இந்தத் தடவை சேலைக் கிழிசல் இல்லை, நல்ல காடாத் துணி. ஓரம் மடித்துத் தைத்திருந்தது. யாரோ உட்கார்ந்து அளவெடுத்து வெட்டி, மிஷினில் தைத்திருக்கிறார்கள். மற்றக் கட்டில்களிலும் அதே துணி, அதே தையல். சண்முகவடிவு கிடைத்ததை எடுத்துக் கட்டினாள். நீ சீருடை தைப்பது போலத் தைத்து வைத்திருக்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது.

ஒரு டயப்பருக்கு மேல் இன்னொன்று போட்டிருந்தீர்கள். மாற்றுகிற வேலை மிச்சம். அதையும் அவிழ்த்தேன். டால்கம் பவுடர் வாசனை அடித்தது. குழந்தைக்குப் போடுகிற பவுடர். முதுகின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக அப்பியிருந்தது. நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பவுடர் போகிறது, கீழே தோல் இல்லை. உள்ளங்கை அளவுக்குக் குழி. அதன் நாற்றத்தை மறைக்கத்தான் பவுடர். பழுத்த புண்ணை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பவுடர் போட்டு மினுக்கிய புண்ணை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்போதுதான் நீ வந்தாய். "பிந்து! எப்ப வந்த மக்கா?" என்று ஓடி வந்து கட்டிப்பிடித்தாய். உன் சேலை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. தலையில் பிச்சிப்பூ. உன் கை என் முதுகில் பட்டபோது விலகினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "இது என்ன?" என்று கேட்டேன். நீ புண்ணைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். "போன ஆழ்ச்சதான் லேசா வந்துது" என்றாய். கிளாரா, அது ஒரு வாரத்துப் புண் இல்லை, மாதக்கணக்கில் வளர்ந்த புண். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்துதானே படித்தோம்? வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன்.

கார் பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஞானையன் வாசலில் நின்று, "பில் பாக்கி ஒண்ணும் இல்ல, கொண்டு போலாம்" என்றார். நீ அவர் பக்கத்தில் நின்றாய். என் பக்கத்தில் இல்லை.

டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார். மருந்து தெளிந்ததும் அப்பா கத்த ஆரம்பித்தார். வலிக்கிறது என்று சொல்லவாவது இப்போது அவருக்கு வாய் வந்திருக்கிறது. குவைத்துக்கு நான் திரும்பவில்லை. வடசேரியில் வீடு பார்த்துவிட்டேன். கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயரை எழுதும்போது கை நிற்கவில்லை. நிற்கும் என்று நினைத்தேன்.

பிந்து


முட்டம்
2.10.2007

பிந்துவுக்கு,

உன் மனுவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். முந்தின நாளே ஞானையன் சாருக்குத் தகவல் வந்துவிட்டது. புது விரிப்பு, பினாயில், எல்லார் தலையிலும் எண்ணெய். வந்தவர்கள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டே டீ குடித்தார்கள். ஒருவர்கூட ஒரு போர்வையை விலக்கவில்லை. நீ விலக்கினாய், அவர்கள் விலக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

உன் கடிதத்தில் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீ எழுதாதது நிறைய இருக்கிறது. உன் அப்பா விழுந்து நெற்றி பிளந்து கிடந்தபோது ரத்தத்தை என் சேலையால் பொத்திக்கொண்டு ஓடியவள் நான். மறுபடியும் எழுந்து நடந்தார். மறுபடியும் விழுந்தார். ஒரு பக்கம் இவரைப் பிடித்தால் மறுபக்கம் வாத்தியாருக்கு மூச்சு அடைக்கிறது. எத்தனை கை இருக்கிறது எனக்கு? முதல் தடவை கட்டியபோது ஒரு சாயங்காலத்துக்கு என்றுதான் கட்டினேன். யாரும் விழவில்லை. மறுநாளும் கட்டினேன். பிறகு அது வேலையில் ஒன்றாகிவிட்டது. துணியைத் தைத்தது, கிழிசல் கையை அறுக்கிறது என்பதற்காக. நீ அதையும் அருவருப்பாகப் பார்த்தாய்.

சரி, அருவருப்பு என்று எழுதினாய். கேட்கிறேன். உன் அண்ணன் மூக்கைப் பொத்தினான். நீ கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தாய். மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நான். கடைசியில் எல்லாருக்கும் அருவருப்பு என்மேல். இந்த அறையை விட்டால் நான் கொட்டகைக்குத்தான் போகணும். நான் போனால் இங்கே யார் வருவாள் என்று யோசித்தாயா? சண்முகவடிவைக் கூப்பிட சார் இப்போதே ஆள் அனுப்பியிருக்கிறார்.

மாமாவைப் பார்க்கணும் போல இருக்கிறது. வரட்டுமா?

கிளாரா


வடசேரி, நாகர்கோவில்
18.1.2008

கிளாராவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவதும் அப்பாவுக்காக.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. அடியிலிருந்து சிவப்பாகப் புதுச் சதை ஏறுகிறது. காலையில் நான் பிழைப்புக்கு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். அதுவரை முத்துக்கனி அக்கா பார்த்துக்கொள்கிறாள். பிடித்துக்கொண்டால் நாலு எட்டு எடுத்து வைக்கிறார்.

என்னைக் கடிக்கிறார். போன வாரம் தோளில் பல் பதிந்தது. கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றேன். உள்ளே அவர் கூப்பாடு. அப்போது உன்னை நினைத்தேன். நீ எழுதியது புரிந்தது. உனக்கு ஆள் இல்லை, தூக்கம் இல்லை, போக இடம் இல்லை, எல்லாம் சரி. கட்டியதைக்கூட ஒருநாள் நான் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் புண்ணைப் பார்த்துவிட்டு, அதன்மேல் பவுடரைக் கொட்டி மூடி, கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு "மாமா சுகம்" என்று எழுதினாயே, அதற்கு ஆள் தேவையில்லை கிளாரா. ஒரு வரி தேவைப்பட்டது. "வா" என்று ஒரு வரி. நான் பறந்து வந்திருப்பேன். அதை நினைக்கும்போது முதல் நாள் போலவே இன்றும் குமட்டுகிறது. அது மாறும் என்று தோன்றவில்லை.

ஆனால் அப்பா உன்னைக் கேட்கிறார். என் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. என்னை "ஆஸ்பத்திரிப் பிள்ள" என்கிறார். விடிந்தால், "கிளாரா வரல்லியா? அவளுக்கு எனக்கமேல கோவமா?" என்கிறார். நான் அரைத்த தேங்காய்ச் சம்மந்தியைத் தள்ளிவிட்டு, கிளாரா வந்தால்தான் சாப்பிடுவேன் என்கிறார். யார் கட்டினார்கள் என்பது அவர் மனதில் இல்லை. யார் சிரித்துப் பேசினார்கள் என்பது மட்டும் இருக்கிறது. ஆத்திரத்தில் ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். "சீ, அவ நல்ல பிள்ள" என்று கையை உதறிக்கொண்டார்.

உன்னை நான் மன்னிக்காததற்கு அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் வா. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், முத்துக்கனி அக்கா பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டுவார்கள். அவள் கதவைத் திறப்பாள். நீ வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அப்பாவோடு பேசு, சாப்பிட வை. புண்ணில் போட்ட கட்டை மட்டும் தொடாதே. நனைந்திருந்தால் அக்காவிடம் சொல், நான் வந்து மாற்றுகிறேன். அதன் பிறகு எந்த வியாழக்கிழமை வேண்டுமானாலும் வரலாம். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நீ எழுந்தால் அவர் அழுவார். சொல்லாமல் நழுவிப் போய்விடாதே. அக்காவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் கையை அவள் பிடித்த பிறகு கிளம்பு.

பிந்து